கனிசியஸின் ஒரு கலன்

குருநகர்க் கனிசியஸ் பெற்றோல் வாங்குகிற அழகைப் பார்க்கவென்றே காலையில் பெரியகடைப் பக்கம் நாலு பேர் கூடுவார்கள் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பாதவர்கள் செல்வரட்ணத்தைக் கேட்கலாம். பம்பும் அவருடையது, பட்ட பாடும் அவருடையது.

மற்றக் காரோட்டிகள் தேத்தண்ணி குடித்து, வெற்றிலை போட்டு, ஒன்பது மணிக்கு மேல் ஆடி அசைந்து வருவார்கள். கனிசியஸ் ஆறு மணிக்கே வந்துவிடுவான். வெயில் ஏறினால் பெற்றோல் பொங்கும், பொங்கினதை அளந்து வாங்குகிறவன் மடையன் என்பது அவன் கட்சி. செல்வரட்ணம் கைப்பிடியை ஆட்ட ஆட்ட, எண்ணெய் மேலே கண்ணாடிக் குடுவைக்குள் ஏறும். கனிசியஸ் கண்ணைக் குடுவையின் அளவுக் கோட்டுக்கு நேரே வைத்து, நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பான். அதற்குப் பிறகுதான் குழாயைத் திறக்க விடுவான். எல்லாம் இறங்கி முடிந்ததும் குழாயைத் தோளில் தூக்கிப் போட்டு, பம்புப் பக்கமிருந்து கார்ப் பக்கமாக நீவிக்கொண்டே வருவான்.

"பசுவைக்கூட ஒருத்தரும் இப்பிடிக் கறக்கிறேல்லை. கண்டுக்கும் எப்பன் பால் விடப்பா," என்பார் செல்வரட்ணம்.

"கண்டு என்ரை கார்தானே அண்ணை!"

கனிசியஸின் தகப்பன் யாகோப்பு கடற்றொழிலாளி. மகன் கடலை விட்டுவிட்டு, கோட்டில் வழக்குப் பேசுகிற யாரோ ஒரு பெறக்கிராசியார் பாவித்துத் தள்ளிய திறந்த காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினான். ஆனாலும் கடல் அவனை விடவில்லை. எஞ்சினை முடுக்க முன்னர் அண்ணாந்து காற்றைப் பார்ப்பான். மலைநாட்டுக் காரோட்டிகள் இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு மிச்சம் பிடிப்பார்களாம். யாழ்ப்பாணத்தில் இறக்கத்துக்கு எங்கே போவது, கிணற்றுக்குள்தான் இறங்கவேண்டும். அதனால் அவன் காற்றைக் கணக்கில் எடுத்தான். முதுகில் காற்றடித்தால் பாட்டு வரும். முகத்தில் அடித்தால் அன்று அவனோடு கதைக்க முடியாது.

மத்தியானத்தில் காரை நிறுத்தினால் இரண்டு மூங்கிலை நட்டு, தகப்பனின் பழைய வள்ளத்துப் பாயை மேலே விரித்துக் கட்டுவான். தாங்கி சூடேறினால் பெற்றோல் ஆவியாய்ப் போய்விடுமாம். "எந்தக் கடலுக்கு, கனிசியஸ்?" என்று சந்தையே சிரிக்கும். அவன் அதைக் காதில் போடாமல், வெட்டுக் குறி போட்ட தென்னோலை ஈர்க்கைத் தாங்கிக்குள் விட்டு, இன்னும் எத்தனை மைல் கிடக்கிறது என்று பார்ப்பான். அந்த ஈர்க்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

யுத்தம் வந்து பெற்றோலுக்குக் கூப்பனும் வந்தபோது சிரித்தவர்கள் அடங்கினார்கள். பாதிக் கார்கள் கொட்டிலுக்குள் முடங்க, கனிசியஸின் கார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்துமூன்றாம் ஆண்டு ஆனி மாதக் கடைசியில் கொக்குவில் ஆழ்வாப்பிள்ளை அவனைத் தேடி வந்தார். அவருடைய தங்கையின் மகன் சிவசுப்பிரமணியத்துக்குச் சாவகச்சேரியில் கலியாணம். முகூர்த்தம் காலை பத்தரை. அதைத் தவறவிட்டால் மூன்றாம் நாள் ஆடி பிறந்துவிடும். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன கலியாணம். இனியும் தள்ளினால் வேறு இடம் பார்ப்போம் என்று பெண்வீட்டார் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள்.

கனிசியஸிடம் அந்த மாதத்துக்கு ஒரேயொரு கலன் பெற்றோலுக்குத்தான் கூப்பன் மிச்சம்.

"காணுமோ தம்பி?"

"பதினொரு மைல் ஐயா. என்ரை ஒரு கலன் பதினாறு மைல் ஓடும். மாப்பிள்ளையைப் பத்து மணிக்கே பந்தலடியில இறக்காட்டில் என்ரை பேர் கனிசியஸ் இல்லை."

அவன் மைலை எண்ணினான், ஆளை எண்ணினான், காற்றையும் எண்ணினான். பிள்ளையார்களை எண்ண மறந்தான். பாவம், வேதக்காரன். குருநகரில் மாப்பிள்ளை மாதா கோயிலுக்கு ஒரு தடவை போவார், வருவார். கொக்குவிலில் இருந்து புறப்படுகிற மாப்பிள்ளைக்கு வழியிலுள்ள பிள்ளையார் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போகவேண்டும் என்பது அவனுக்கு யார் சொன்னார்கள்?

எட்டு மணிக்கு வெளிக்கிட்டார்கள். வீட்டு ஒழுங்கை முடிந்து தெரு ஏறும்வரை மேளகாரர் முன்னே நடந்தார்கள். கார் அவர்கள் பின்னால் ஊர்ந்தது. பிறகு ஒரு பிள்ளையார், தேங்காய், கற்பூரம். கனிசியஸ் எஞ்சினை அணைக்கக் கையை நீட்டினான்.

"அணைக்காதை தம்பி! வெளிக்கிட்ட பயணம் நிண்டால் சகுனம் பிழைச்சுப் போம்," என்று ஆழ்வாப்பிள்ளை துள்ளி விழுந்தார்.

எஞ்சின் நின்ற இடத்திலேயே குடித்துக்கொண்டிருந்தது. நல்லூரைத் தாண்ட ஏழு பிள்ளையார். ஒவ்வொரு தேங்காய் உடையும்போதும் கனிசியஸின் நெஞ்சும் உடைந்தது. எட்டாவது பிள்ளையார் செம்மணி வெளி தொடங்குகிற இடத்தில் இருந்தார். மற்றவர்கள் கும்பிடும்போது அவன் ஈர்க்கை விட்டுப் பார்த்தான். போக ஏழு மைல் கிடந்தது. ஈர்க்கு ஐந்து என்றது.

ஈர்க்கைத் துடைத்து இன்னொரு தடவை விட்டான். அப்போதும் ஐந்துதான். திரும்பி வந்த மாப்பிள்ளை அவன் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"கனிசியஸ் அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. போய்ச் சேருவமோ?" தலைப்பாகைக்குக் கீழே அந்த மனிதரின் கண் கலங்கியே விட்டது.

அந்த நேரம் பார்த்து, காரின் பக்கத்தில் கட்டியிருந்த மூங்கிலோடு சுருட்டிய பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. கனிசியஸ் அண்ணாந்தான். சோழகக் காற்று மேற்கே சற்றுச் சரிந்து, சரியாக முதுகில் வீசியது. முன்னால் இரண்டு மைல், ஒரு மரமில்லை, ஒரு வேலியில்லை, வெறும் வெளி. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சேருவம் தம்பி. முதல்ல இந்தப் பாயை அவிழுங்கோ!"

கூடவந்த இளைஞர் இருவர் மூங்கில்களைக் காரின் இரண்டு பக்கமும் நிமிர்த்திக் கட்டினார்கள். பாய் விரிந்தது. கயிற்றை ஆழ்வாப்பிள்ளையின் கையில் திணித்து, "காத்துக் கூடினால் எப்பன் இளக்குங்கோ ஐயா," என்று சொல்லிவிட்டு, கனிசியஸ் காரை எடுத்து ஓட்டம் பிடித்ததும் எஞ்சினை அணைத்தான்.

"ஐயோ, நிண்டு போச்சு! சகுனம்..."

"எஞ்சின்தானே ஐயா நிண்டது? பயணம் நிக்கேல்லையே!"

நிற்கவில்லைதான். சத்தம் ஒன்றுமில்லாமல், கொடியில் உலர்த்துகிற வேட்டிபோலப் புடைத்த பாயோடு, கார் செம்மணி வெளியில் போனது. ஒரு நல்ல மாடு ஓடுகிற வேகம். விடிய வெளிக்கிட்ட மாப்பிள்ளை வீட்டுப் பெண்களின் வண்டில்களைப் பாதி வழியில் எட்டிப் பிடித்தது. வண்டிலுக்குள் இருந்த மாப்பிள்ளையின் தாய் வாயில் போட்ட வெற்றிலையை மெல்ல மறந்துபோனாள். ஆழ்வாப்பிள்ளை முதலில் கண்ணை மூடிக்கொண்டு முருகனை அழைத்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். வண்டில்களைத் தாண்டியபோது கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு, மறு கையால் கோர்னைப் பிதுக்கிப் பிதுக்கி ஊதிச் சிரித்தார். "தம்பி, இளக்கவோ, இறுக்கவோ?" என்று அவர் கேட்ட கேள்விக்கு முடிவேயில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அந்த மனிதர் அவ்வளவு சந்தோசப்பட்டதை வீட்டார்கூடக் கண்டதில்லை.

நாவற்குழிப் பாலத்தடியில் பாயைச் சுருட்டி, ஓட்டத்தோடு கியரில் போட, எஞ்சின் தானே பிடித்தது. மிச்சம் ஐந்து மைலும் மரநிழலில் எண்ணெயில் ஓடின. வழியில் இன்னும் மூன்று பிள்ளையார் இருந்தார்கள். ஆழ்வாப்பிள்ளை அவர்களுக்குக் காருக்குள் இருந்தபடியே கும்பிடு போட்டு, "வந்து உடைக்கிறன், பிள்ளையாரே! தம்பி, நீ ஓடு," என்றார்.

பந்தலுக்கு முன்னால் கார் இரண்டு தரம் இருமி, தானாகவே நின்றது. ஈர்க்கு காய்ந்துபோய் வந்தது. பத்து மணிக்கு என்று சொன்ன கனிசியஸ் பத்து நிமிடம் பிந்தியிருந்தான். கெட்டிமேளம் முழங்கியபோது அவனும் அழுதான். ஏன் என்று கேட்டவர்களிடம், புகை என்றான்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது ஆழ்வாப்பிள்ளை, "திரும்பிப் போகப் பெற்றோல்?" என்று கேட்டார்.

"வாடைக் காத்து ஐப்பசியில வரும் ஐயா. அதுமட்டும் இஞ்சை சோறு போடுங்கோ," என்றான் கனிசியஸ். பெண்வீட்டார் சிரித்து முடிய ஒரு சோடி எருதைப் பூட்டி, காரைக் குருநகர்வரை இழுத்து வந்து விட்டார்கள்.

அடுத்த மாதக் கூப்பன் வந்த அன்று ஆறு மணிக்கு அவன் பம்படியில் நின்றான். கதை அவனுக்கு முதலே வந்துவிட்டிருந்தது. செல்வரட்ணம் கைப்பிடியை ஆட்டினார், நுரை அடங்கும்வரை தானே குனிந்து பார்த்தார். கனிசியஸ் குழாய்க்குக் கையை நீட்ட, அதைத் தட்டிவிட்டார். குழாயைத் தன்னுடைய வெள்ளைச் சால்வையின் மேலே தூக்கிப் போட்டு, கடைசிச் சொட்டு விழும்வரை நீவி நீவிக் கறந்து கொடுத்தார்.