பறங்கி காலத்துக் கிணறு

தம்பு அண்ணைக்கு வாய்தான் சத்துரு. முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன்.

அடம்பனுக்கு அப்பால், கடற்கரைப் பக்கம் எங்கள் ஊர். அவர் வளவுக்கும் என் வளவுக்கும் ஒரே வேலி. சண்டை முடிந்து முகாமிலிருந்து விட்டபோது, என்னிடம் காணி உறுதிப் பத்திரம் இருந்தது, வளவு கிடைத்தது. அவரிடம் இல்லை. உறுதியும் மனைவி சிவராணியும் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டார்கள். வளவில் மிஞ்சியது கிணறு மட்டும்.

அந்த நேரம் பார்த்துத் துசாந்தினி வந்தாள். பழைய கோயில், கிணறுகளைக் கணினியில் பதிகிற மரபுரிமைத் திட்டத்துப் பிள்ளை. கிணறு எந்தக் காலத்தது என்று கேட்டாள். எவ்வளவு பழசு என்கிறோமோ அவ்வளவுக்குக் காணி உறுதியாகும் என்று இவருக்கு ஒரு நினைப்பு.

"பறங்கி காலத்துக் கிணறு, பிள்ளை. எங்கட பரம்பரைச் சொத்து" என்றார்.

எங்கள் பக்கத்தில் பழசு எதுவென்றாலும் பறங்கி காலம்தான்; ஓட்டைச் சைக்கிளும் பறங்கி காலத்ததுதான், மாமியாரும் பறங்கி காலத்தவதான். கொழும்பில் வளர்ந்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? கிணற்றுக் கல்லும் பொய்ச்சாட்சி சொன்னது. இடிந்த பழைய கட்டடமொன்றிலிருந்து இவரே வண்டியில் ஏற்றிவந்த கல். 'போர்த்துக்கேயர் காலம்' என்று பதிந்துவிட்டாள். அடுத்த மாரிக்குள் வளவைச் சுற்றிக் கம்பிவேலி, பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை. அவரே உள்ளே கால் வைக்க ஏலாது.

அவரை இழுத்துக்கொண்டு துசாந்தினி வேலைசெய்கிற கந்தோருக்குப் போனேன். அறுபத்திநாலு புயலில் பழைய கிணறு உப்பாகிப்போக, அடுத்த வருசம் தானும் சிவராணியும் வெட்டியது என்று உண்மையைச் சொன்னார். துசாந்தினி கணினியைத் திருப்பிக் காட்டினாள். காலங்களின் வரிசையில் கடைசியாக 'சுதந்திரத்துக்குப் பின்' என்று இருந்தது.

"மாத்தலாம் ஐயா. ஆனா முதல் சொன்னது பொய் எண்டு நீங்கள் எழுதித் தரவேணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காணிக்கு அவருடைய வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. பொய்யன் என்று கையெழுத்து வைத்தவனின் சொல்லை யார் எடுப்பார்கள்? வைக்காவிட்டாலோ கம்பிவேலி கம்பிவேலிதான். போடாதேங்கோ என்று கையைப் பிடித்தேன்.

"விடு. அந்தக் கிணத்தில முதல் தண்ணி அள்ளினது என்ர மனுசி. அதைப் பறங்கிக்குக் குடுக்கேலாது" என்றார்.

கையெழுத்து வைத்தார். துசாந்தினி அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். அழுது என்ன செய்ய? பலகையைக் கழற்றினார்கள். உறுதியும் இல்லை, சொல்லும் செல்லாது என்று காணிக் கந்தோர் வளவை அரச காணி ஆக்கியது. கம்பிவேலி அப்படியே நிற்கிறது.

கணினியில் கிணற்றின் காலம் இப்போது சரி. வெட்டியவர் பெயர் என்ற இடத்தில் 'தெரியாது' என்று இருக்கிறது.