அண்ணன் பல்பும் தங்கை ஃபிளாஷும்

மண்டபத்தில் படம் பிடிக்கிறவளைப் பளிச்சக்கா என்றே எல்லாரும் கூப்பிடுவார்கள். அவள் ஃபிளாஷ் அடித்தால் கண்ணுக்குள் கொஞ்ச நேரம் பச்சைப் பொட்டு மிதக்கும். அதே மண்டபத்தில் சீரியல் பல்பு கட்டுகிறவன் அவளுக்கு அண்ணன். கூடப்பிறந்தவன் இல்லை, பெரியம்மா மகன். அவள் அப்பா போன பிறகு இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அந்த வித்தியாசத்தை யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அவளுக்கு முதல் ஃபிளாஷ் வாங்கித் தந்ததும் அவன்தான். அந்தப் பெருமையில் அதை முழுப் பலத்தில் அடித்தே அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. படத்தில் முகம் பளிச்சென்று விழும். பின்னால் கும்மிருட்டு.

வினை அங்கேதான் வந்தது. மண்டபம் கேட்டு வருகிறவர்களிடம் மேனேஜர் அவளுடைய ஆல்பத்தைத்தான் விரித்துக் காட்டுவார்.

"இங்க லைட்டே போட மாட்டீங்களான்னு கேக்கறாங்கம்மா," என்றார் ஒருநாள். "பொண்ணும் மாப்பிள்ளையும் கிணத்துக்குள்ள நிக்கற மாதிரி இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை வரவேற்போட உங்க அண்ணனை நிறுத்திடலாம்னு முதலாளி சொல்றார்."

ஆயிரம் பல்பை அவன் கை கடுக்கக் கட்டுவான். அத்தனையையும் அவள் ஒற்றை விரலால் அணைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், பதினாறு வருஷமாக.

நேரே அவனிடம் போய்ச் சொன்னாள். அவன் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "தெரியும்," என்றான்.

"தெரிஞ்சும் ஏண்ணே சொல்லலே?"

"நான் வாங்கிக் குடுத்த ஃபிளாஷ். அதைக் குறை சொன்னா என்னையேதானே சொல்லிக்கணும்?"

ஞாயிறு மத்தியானம், யாரும் வருவதற்கு முன்னால், அவன் கட்டிய விளக்குகளுக்கு முன்னாலேயே அவனை நிறுத்தினாள். பல்பின் வெளிச்சம் உள்ளே வந்துசேர அவகாசம் வேண்டும் என்று ஷட்டரை மெதுவாக்கினாள். ஃபிளாஷைக் கால்வாசிக்கு இறக்கி, வெள்ளைக் கூரையைப் பார்க்கத் திருப்பினாள். படத்தில் விளக்குகள் எல்லாம் விழுந்தன. ஆனால் அவன் தலையை ஆட்டியதில் மூக்கு இரண்டாகத் தெரிந்தது.

"ஒண்ணையே வச்சுக் காப்பாத்த முடியல. இதுல ரெண்டா?" என்றான்.

அசையாமல் நிற்கவைத்து மறுபடி எடுத்தாள். இப்போது பின்னால் எல்லாம் மஞ்சள், அவன் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தான். அவன் தன் பையைக் கிளறி, விளக்குக்குச் சுற்றும் மஞ்சள் கண்ணாடித்தாளில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தான். அதை ஃபிளாஷின் வாயில் ஒட்டியதும் முகமும் விளக்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல நிறம் சேர்ந்தன.

அன்று வரவேற்பில் பெண்ணின் சித்தப்பா கேட்டார்: "கண்ணே கூசலையே, படம் விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க. இன்னொரு தடவை மூச்சைப் பிடிச்சிட்டு நில்லுங்க."

"இந்த வயசுல பிடிக்கச் சொல்றியே, விட்டா திரும்பி வருமா?"

வரிசையே குலுங்கிச் சிரித்தது. அந்தப் படம் மொத்தமும் கலங்கிப்போனது. சிரிப்பு ஓயும் வரை காத்திருந்து அவள் அடுத்ததை எடுத்தாள்.

புதன்கிழமை மேனேஜர் படங்களைப் புரட்டினார். மண்டபம் பார்க்க வந்திருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, பின்னால் மின்னும் விளக்குகள்மேல் விரல் வைத்தாள். "எங்களுக்கும் இதே மாதிரி கட்டுவீங்களா?"

மேனேஜர் பளிச்சக்கா பக்கம் திரும்பினார். "அடுத்த வாரமும் உங்க அண்ணனையே வரச் சொல்லும்மா."

சாயங்காலம் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள் கொண்டுவந்த அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான்.

"மூணாவது வரிசையில ஒரு பல்பு எரியலையே."

"ஆமாண்ணே."

"இத்தனை வருஷம் இந்த மாதிரி எத்தனையை உன் இருட்டுல ஒளிச்சு வச்சிருந்தியோ," என்றான்.

படத்தை மட்டும் அவன் திருப்பித் தரவில்லை.