நான் விட்ட கரடி

எங்கள் மலையில் கரடி கிடையாது. இருக்கிறது என்று சொன்னவன் நான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்று கோடைக்கு முன்னால் அந்த மலையின் தெற்குச் சரிவில் பற்றிய தீயை நான் அணைக்கவில்லை. அணைத்ததாகச் சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொண்டேன்.

சொல்லியாயிற்று. இனிமேல் நீங்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். ஆனாலும் முழுக்கக் கேட்டுவிட்டு நினையுங்கள்.

எழுமலையிலிருந்து மேற்கே போகிற சாலையில் இருக்கிறது அந்த மலை. பெரிய மலை என்று எண்ணிவிடாதீர்கள். வெளியூர்க்காரர்கள் அதைக் குன்று என்பார்கள், எங்களுக்கு அது மலை. அடிவாரத்தில் ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்த சிறிய பூங்கா. மேலே உசிலை மரங்களும் சுக்குநாறிப் புல்லும். கோடையில் அந்தப் புல் காய்ந்தால் ஒரு பீடித்துண்டு போதும், மலையே எரிந்துவிடும். அதற்காகத்தான் மாசியில் வனத்துறையில் என்னை வேலைக்கு எடுப்பார்கள். ஆடிக்காற்றுக்கு முன்னால் சாரல் விழுந்து புல் பச்சை கட்டியதும், “போய்ட்டு வாங்க முருகேசன்” என்று அனுப்பிவிடுவார்கள். தீக்காவலர் என்று பெயர். மீதி மாதங்களில் கல்யாண வீடுகளுக்குப் பந்தல் போடுவேன்.

இந்த வேலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை எப்படிச் சொல்வேன்! காலையில் பாறைமேல் ஏறி உட்கார்ந்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சமவெளி. கவுதாரி கத்தும். மயில் என்னைச் சட்டை செய்யாமல் பக்கத்திலேயே மேயும். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஆனையூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் குக்கரையும் அடுப்பையும் மேலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. அடுப்பு மூட்டக் கூடாது என்றேன். “அண்ணே, மூணு விசில்தாண்ணே” என்று கெஞ்சினார்கள். மூன்றாவது விசிலுக்குள் மலை போய்விடும் என்று விளக்கிக் கீழே இறக்கினேன். பிற்பாடு எனக்கும் ஒரு தட்டுச் சோறு வந்தது.

இப்படிப்பட்ட வேலையைத்தான் நான் ஒரு பொய்யில் மாட்டிவைத்தேன்.

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. உசிலம்பட்டியில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன், என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ரேஞ்சரிடம் விடுப்புக் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? ஞாயிற்றுக்கிழமை கொடுக்க மாட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இரண்டு மணி நேரத்தில் போய்த் திரும்பிவிடலாம் என்றும் நானே முடிவு செய்துகொண்டேன்.

காது குத்துகிறவர் தாமதமாக வந்தார். பிறகு புகைப்படம் எடுத்தார்கள். பிறகு கிடாக்கறி விருந்து. எலும்புக் குழம்பை இரண்டு தரம் வாங்கினேன்... மறைத்து என்ன ஆகப்போகிறது, மூன்று தரம். வெற்றிலை போட்டுக்கொண்டு, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. சட்டைப்பைக்குள் கைப்பேசி சத்தமில்லாமல் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் ரேஞ்சரின் அழைப்புகள், ஒன்றன்கீழ் ஒன்றாக.

மலைக்கு வந்தேன். தெற்குச் சரிவில் ஒரு பக்கம் முழுக்கக் கரியாகக் கிடந்தது. புகை மட்டும் எழுந்துகொண்டிருந்தது. யாரோ பச்சை ஆவாரங்கொப்புகளை ஒடித்து அடித்து அணைத்திருந்தார்கள். கருகிய கொப்புகள் அங்கங்கே கிடந்தன. மண்ணில் ஆட்டுக் குளம்புகள்.

யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தச் சரிவில் ஆடு மேய்ப்பவர் பேச்சியக்கா ஒருவர்தான். அடிவாரத்து ஊர்க்காரர். ஐம்பது வயதிருக்கும். இருபது உருப்படிகளை ஓட்டிக்கொண்டு தினமும் என் பாறையைக் கடந்து போவார். போகும்போது “சாப்டியா முருகேசா” என்பார், நான் “ஆச்சுக்கா” என்பேன். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

அவரைத் தேடலாம் என்று திரும்பினேன். ரேஞ்சரின் ஜீப் ஏறி வந்துகொண்டிருந்தது.

“தீய அணைச்சது யாரு?” என்று கேட்டார் ரேஞ்சர்.

“நான்தான் சார்.”

யோசிக்கவே இல்லை. பந்தலில் கயிறு நழுவுவதுபோல் நழுவி வந்துவிட்டது வார்த்தை.

“அப்ப போன ஏன் எடுக்கல?”

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் எலும்புக் குழம்பு. நான் சொன்ன பதில் வேறு. “கரடி சார்... தீக்கு மிரண்டு வந்து வழிய மறிச்சு நின்னுருச்சு. பாறைக்குப் பின்னாடி மூச்சு விடாம ஒளிஞ்சுருந்தேன். அது போனப்புறம்தான் தீய அடிச்சேன்.”

ரேஞ்சர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். தீர்ந்தது கதை என்று நினைத்தேன். அவரோ பதறிப்போனார். “யோவ், வாயெல்லாம் ரத்தமாருக்கே. விழுந்துட்டியா? பல்லு ஏதும் போச்சா?”

அது வெற்றிலைச் சாறு. நான் வாயைப் பொத்திக்கொண்டு, பல் எதுவும் போகவில்லை என்று தலையை ஆட்டினேன்.

நீங்கள் சிரிக்கலாம். நானே பல நாள் தனியாக உட்கார்ந்து சிரித்திருக்கிறேன். பொய் சொல்வதைக் கரடி விடுவது என்பார்கள் நம் பக்கம். நான் நிஜமாகவே ஒரு கரடியை விட்டேன். அதை மலையில் விட்டேன்.

அந்தக் கரடி என்னைவிட நன்றாகப் பிழைத்தது. ஒரே வாரத்தில் டீக்கடையில் நான்கு பேர் அதைப் பார்த்துவிட்டார்கள். ஒருவர் அது குட்டியோடு போனதாகச் சொன்னார். இன்னொருவர் தன் வீட்டுக் கொய்யா மரத்தை அது உலுக்கியது என்றார். பூங்கா வாசலில் ‘கரடி நடமாட்டம், கவனம்’ என்று பலகை வைத்தார்கள். எழுதியவர் கரடியை நேரில் கண்டவரில்லை போலிருக்கிறது. கொழுத்த நாய்க்குச் சட்டை போட்டதுபோல் வரைந்திருந்தார். மதுரையிலிருந்து வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என்னையும் இழுத்து நிறுத்துவார்கள். கரடியை எதிர்கொண்ட காவலர் அல்லவா!

அலுவலகத்தில் எல்லாருக்கும் முன்னால் என்னைக் கைதட்டிப் பாராட்டினார்கள். அடுத்த கோடைக்கும் நீங்கள்தான் என்றார்கள். நான் சிரித்தபடி நின்றேன்.

அத்தோடு இன்னொரு உத்தரவும் வந்தது. கரடி இருப்பதால் மலையில் இனி ஆடு மேய்க்கக் கூடாது.

அதைப் பேச்சியக்காவிடம் போய்ச் சொல்லும் பொறுப்பு யாருக்கு வந்தது என்று நினைக்கிறீர்கள்? எனக்குத்தான்.

அவர் வீட்டு வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். வலது முன்கையில் முழங்கை வரை தோல் கன்றிப்போய் இருந்தது. அதன்மேல் கற்றாழைச் சோற்றைத் தடவியிருந்தார். நான் அந்தக் கையையே பார்த்தேன். உத்தரவைச் சொன்னேன். கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“கரடியா... எம்புட்டுப் பெருசு?” என்று கேட்டார்.

இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினேன். அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

“சரிப்பா” என்றார்.

அந்த ‘சரிப்பா’வை மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து அவர் பெரிய கண்மாய்க்குப் போனார். மலை என்றால் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கண்மாய் என்றால் ஊரைச் சுற்றி, தார்ச்சாலையைக் கடந்து, வெயிலில் ஒரு மணி நேர நடை. திரும்பி வரவும் அதே நடை. பாறைமேல் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த வரிசை தெரியும். முன்னால் ஆடுகள், பின்னால் ஒரு சேலைத் தலைப்பு. பார்க்க வேண்டாம் என்று வடக்குப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து பார்த்தேன். காவலுக்கு வந்தவன் எத்தனை நேரம் ஒரே திசையைப் பார்த்திருக்க முடியும்?

ஒவ்வொரு கோடையின் முடிவிலும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். வேலைதான் முடிகிறதே, போனால் போகட்டும் என்று தோன்றும். சாரல் விழும். பந்தல் வேலைக்கு ஆள் கூப்பிடுவார்கள். மனது மாறிவிடும். வெட்கமான உண்மை ஒன்று சொல்லட்டுமா... நாள்கள் போகப் போக எனக்கு அது அவ்வளவாக வலிக்கவும் இல்லை. நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

இந்தக் கோடையில் ஒரு மினி பஸ், தார்ச்சாலையைக் கடந்த அவருடைய ஆட்டை அடித்துவிட்டது. செவலை நிறத்துத் தாய் ஆடு. மந்தைக்கு முன்னால் நடப்பது அதுதான். செய்தி கேட்டுப் போனேன். அவர் சாலையோரத்தில் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. “தண்ணி குடுத்தேன், குடிக்க மாட்டேங்குது” என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அப்போதும் நான் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் கண்மாய்க்கரைக்குப் போனேன்.

“அக்கா, ஒரு விசயம். அந்தக் கரடி...”

“ம்.”

“அது பொய்க்கா. நான் காதுகுத்துக்குப் போயிருந்தேன்.”

அவர் கையிலிருந்த தொரட்டியைக் கீழே வைத்தார். “எனக்குத் தெரியும்” என்றார்.

“எப்படிக்கா?” என்றேன்.

“அன்னைக்குப் பூராம் மலைமேல நான்தான இருந்தேன். கரடி வந்துருந்தா எங்கிட்டல்ல மொதல்ல வந்துருக்கும்? நீ கைய விரிச்சுக் காட்டுனியே, அம்புட்டுப் பெருசு ஒளிய அந்த மலையில எடம் ஏது?” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். என்னாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அதுதான் கொடுமை. இருவரும் கரையில் நின்று சிரித்தோம்.

“பின்ன ஏன்க்கா நீங்க யார்கிட்டயும் சொல்லல?”

அவர் சிரிப்பு நின்றது. “ஒம் பொண்டாட்டி அப்ப நெறமாசம். வேல போயிருமேன்னு பாத்தேன். நீயா சொல்லுவன்னும் நெனச்சேன். ஒரு மாசத்துல சொல்லுவ, கோட முடியவுஞ் சொல்லுவன்னு... பெறகு நெனைக்கிறத விட்டுட்டேன்.”

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலையிலேயே ரேஞ்சர் முன்னால் போய் நின்றேன். கதவைச் சாத்திவிட்டு, தீ, காதுகுத்து, வெற்றிலை, பேச்சியக்காவின் கை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். வேலை போய்விடும் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். “போனாப் போகுதுங்க, பந்தல் இருக்குல்ல” என்று மனைவியும் சொல்லியிருந்தாள்.

ரேஞ்சர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். வெற்றிலையைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பை அடக்கியதில் அவர் உதடு துடித்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“முருகேசன், அந்தக் கரடி மேல வரைக்கும் போயிருச்சு. வருசா வருசம் அறிக்கையில இருக்கு. இப்ப இல்லன்னு நான் எப்படி எழுதுவேன்? மூணு வருசமா என்ன பாத்தன்னு என்னயக் கேப்பாங்க.”

“ஆடு மட்டுமாவது விடலாமே சார்.”

“நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? விடுங்க. நீங்க பேசாம வேலயப் பாருங்க. மாசியில வந்துருங்க.”

வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் நின்றேன். வேலை போகவில்லை என்றதும் ஒரு நொடி மனம் துள்ளியதே, அதை என்னவென்று சொல்வேன்? உண்மையைச் சொல்லத்தானே உள்ளே போனேன்! வெளியே வருகையில் அதே வேலையோடு, அதே பாராட்டோடு வருகிறேன்.

நேற்று இந்த ஆண்டுக் காவல் வேலையின் கடைசி நாள். மேற்கே மலைத்தொடர்மேல் மேகம் இறங்கி, காற்றில் மண்வாசம் வந்துவிட்டது. எரிந்த சரிவில் புல் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. இருபது ஆடு மேய்ந்தாலும் தீராத புல். அதை வெட்டி ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அவர் வாங்க மாட்டார். வாங்கினாலும் என் மனதுக்குத்தான் அது தீனி.

கண்மாய்க்குப் போய், ரேஞ்சர் சொன்னதை அப்படியே சொன்னேன். பேச்சியக்கா முழுக்கக் கேட்டார். ஆடுகளை ஒன்று சேர்த்தார். தார்ச்சாலை வரை நான் கூடவே நடந்தேன். வளைவில் மினி பஸ் வந்தது. நடுச்சாலையில் இரண்டு கைகளையும் விரித்து நின்று அதை நிறுத்தினேன்.

ஓட்டுநர் தெரிந்த பையன்தான். தலையை நீட்டி, “என்னண்ணே, ஆடு மேய்க்க எறங்கிட்டீங்களா?” என்று சிரித்தான். பஸ்ஸில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆடுகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கடைசியாகப் பேச்சியக்கா கடந்தார். மறுபக்கம் போனதும் நின்று திரும்பிப் பார்த்தார்.

“சொல்லிட்ட முருகேசா. ஒனக்குப் பாரம் எறங்கிருச்சு. எனக்கு நடை நடைதான்.”

கோபமாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னார். சொல்லிவிட்டு நடந்தார்.

எனக்கும் இறங்கவில்லை அக்கா என்று கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தேன். அதைக் கேட்பதற்காக அவர் இன்னொரு தரம் நின்று திரும்ப வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்டேன்.