சோதனைச்சாவடிப் புலி

எழுபதுகளில் பாலக்காட்டு எல்லையில் ஒரு சோதனைச்சாவடி அதிகாரியைப் பார்த்தேன். மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. மேசைமேல் சாக்கட்டியால் வரைந்த ஆடுபுலிக் கட்டம். புலிகள் எப்போதும் அவருக்கே. அவரிடம் ஓர் ஆட்டம் தோற்காமல் எந்த லாரிக்கும் தடுப்பு உயராது. தெரியாத்தனமாக ஜெயித்துவிட்ட டிரைவர் ஒருவர் மறுநாள்வரை அங்கேயே கிடந்தார்.

வெயிலில் என் தக்காளி லாரி நிற்க, அவர் என் ஆடுகளை வெட்டிக்கொண்டிருந்தார்.

"வெளிநாட்டுல கம்ப்யூட்டரே செஸ் ஆடி ஆளுகளைத் தோக்கடிக்குதாமுங்க" என்றேன்.

"அதை இங்க கொண்டாய்யா. ஒரே ஆட்டத்துல முடிச்சுப்போடறேன்" என்று சிரித்தார்.

"முடிச்சுப்போடுவீங்க சார்" என்று அடுத்த ஆட்டையும் புலிவாயில் நகர்த்தினேன்.

அவருக்கு உண்மையில் ஆடத் தெரியுமா என்பது எனக்கு இன்றும் தெரியாது. கம்ப்யூட்டர் ஜெயித்ததாகச் செய்தி வந்தால் மட்டும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். கம்ப்யூட்டருக்கென்ன, வெயிலில் அழுகுகிற தக்காளியா இருக்கிறது?