கடைசிப் பக்கம் முதலில்

மலேசியாவில், ஈப்போவிலிருந்து தாப்பா போகும் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் காதோரம் நரைத்த ஓர் அக்கா, மடியில் சிறுவர் நாவல். கடைசிப் பக்கத்தைப் படித்துச் சிரித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வந்தார். அப்புறம் என் கையிலிருந்த தடித்த நாவலையும் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

"கூட்டாளிங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிர்றாங்க. எனக்கு வேணாம்லா."

நான் பாதிகூடப் படிக்கவில்லை. எரிச்சலாக வந்தது.

"நெசத்துல அப்படித்தானேக்கா நடக்குது?"

"யாரு சொன்னா? எங்க ரப்பர் தோட்டத்துல நாங்க ரெண்டு பேரு. ஒருத்தி ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி மக, ஒருத்தி பால் எடுக்க மரம் வெட்டுறவர் மக. லயத்து வீட்டுல இருக்கிற தொழிலாளிங்க பிள்ளைங்க கிராணி வீட்டுக்குள்ள போகக்கூடாது. ஜன்னலுக்கு உள்ள ஒருத்தி, வெளிய ஒருத்தி, நடுவுல புத்தகம். எப்ப வெரட்டுவாங்கன்னு தெரியாது, அதான் முடிவை மொதல்ல படிச்சிருவோம்."

தாப்பாவில் இன்னோர் அக்கா மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார்.

"கடைசில சேந்துட்டாங்களாடி?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"சேந்துட்டாங்கடி!"

புத்தகத்தை ஆட்டிக்கொண்டே ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டார். இருவரும் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

அவர்களில் யார் கிராணி மகள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.