முனீப் மாமாவின் பகிடியும் குளிசையும்

கிண்ணியாக் கரையில் முனீப் மீன் ஏலம் கூறத் தொடங்கினால், துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் எல்லாம் தாங்களே நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு விலை கேட்க வந்துவிடும். செத்த சூரை மீன்கூடத் தன் விலையைக் கேட்டதும் வெட்கத்தில் ஒருதரம் புரண்டு படுக்கும். இதை அவருடைய மருமகப் பொடியன் அஷ்பாக் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவான். அவனுடைய சத்தியத்தை நம்புகிறவர்கள்தான் ஊரில் குறைவு.

முனீப் பிறவியிலேயே அப்படித்தான். பகிடி விடாமல் ஒரு வாய் தேத்தண்ணியும் இறங்காது. அதனால்தான் போன வருடம் அவருக்கு வருத்தம் வந்தபோது அது நோய் என்று யாருக்கும் விளங்கவில்லை. நித்திரையே கொள்ளாமல் நாள்கணக்காகக் கதைத்தார். ஒரு காலை, பாரை மீன் குவியலொன்றை ஏலம் கூறிக்கொண்டிருந்தவர், கேட்ட விலைக்கு மேலே தானே கேட்டார். அதற்கும் மேலே தானே கேட்டார். கடைசியில் முழுவதையும் தனக்கே விற்றுக்கொண்டார். கரையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எல்லோரையும்விடக் கூடச் சிரித்தவன் அஷ்பாக். அந்த மீனை அவர் வீடு வீடாகச் சும்மா கொடுத்தபோது, முனீப்புக்குத் தாராள மனசு என்றார்கள். அதுவும் பொய்யில்லை.

மாரி தொடங்கியதும் அந்த வாய் மூடிக்கொண்டது. முனீப் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அஷ்பாக் பதுங்கிப் போய் அவருடைய சாறன் நுனியைக் கட்டில் காலோடு முடிந்து வைத்தான். எழும்புவார், இழுபடுவார், ஏசுவார் என்று காத்திருந்தான். அவர் எழும்பவேயில்லை. பின்னேரம் அவனே போய் முடிச்சை அவிழ்த்தான். பிறகு குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற மாமி றம்லாவிடம், மாமாவை டொக்டரிடம் காட்டச் சொன்னான்.

திருகோணமலைக்குக் கிளினிக் போனார்கள். பகிடி இவருடைய குணம், நித்திரையைத் தின்னும் பகிடி வருத்தம் என்று டொக்டர் பிரித்துச் சொன்னார். இரண்டும் ஒரே சாறனைக் கட்டிக்கொண்டு வந்தால் யாருக்குத்தான் ஆள் பிடிபடும் என்று அஷ்பாக் நினைத்துக்கொண்டான்.

டொக்டர் விழுங்கக் கொடுத்த குளிசை வேலை செய்தது. முனீப் எழும்பினார், சாப்பிட்டார், கரைக்குப் போனார். குரல் மட்டும் தணிந்திருந்தது. ஆள் செத்த மௌத்து வீட்டிலா ஏலம் கூறுகிறீர்கள் என்று வியாபாரிகள் நக்கலடித்தார்கள். ஒருநாள் மத்தியானம், சோற்றைப் பிசைந்தபடி அவர் றம்லாவிடம் சொன்னார்: "இந்தக் குளிசை வருத்தத்தோட சேர்த்து என்னையும் கொல்லுது. நாளையில இருந்து எனக்கு வேணாம்."

வாசலில் நின்ற அஷ்பாக்குக்குச் சாறனை முடிந்து வைத்த அந்தக் கட்டில் கால்தான் கண்ணுக்குள் வந்தது. மாமாவின் பகிடி உள்ளே உயிரோடுதான் இருக்கிறது என்று அவருக்கே காட்டிவிட வேண்டும். புத்தி சொல்ல அவனுக்கு ஏலாது. தெரிந்ததெல்லாம் குழப்படிதான்.

மறுநாள் கரையில், வியாபாரி அபூதாஹிரின் அகன்ற முதுகுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டான். முனீப் ஒரு பெரிய சூரைக் குவியலைக் கூறத் தொடங்கியதும், தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, "அஞ்சு ரூபா" என்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "சரி, ஆறு ரூபா" என்றது அதே குரல்.

முனீப் சத்தத்தை உயர்த்தவில்லை. "அபூதாஹிர் நானா, கொஞ்சம் விலத்துங்க. பெரிய முதலாளி ஒராள் வெயில் படாம ஒளிச்சிருக்கிறார். அவருக்கு ஒரு கதிரை எடுத்துப் போடுங்க."

கரை குலுங்கிச் சிரித்தது. முனீப்பும் சிரித்தார். சிரித்து முடிந்ததும் நிறுத்தினார். போன வருடம் அவரால் நிறுத்த ஏலாமல் போனது அதைத்தான். பிறகு குவியலை நல்ல விலைக்கு விற்றுவிட்டு வந்து, மீன் செதில் ஒட்டிய கையால் அஷ்பாக்கின் காதைப் பிடித்தார்.

"உம்மாவுக்கு மீன் வாங்க வந்தனான் மாமா."

"நேத்து வாசலில நிண்டு ஒட்டுக் கேட்டனி." காதை விடாமலே சொன்னார்: "றம்லா அழுததால இண்டைக்கும் குளிசை போட்டிட்டுத்தான் வந்தனான். போட்ட வாயாலதான் இந்தப் பகிடியும் வந்தது. சரி, நாளைக்கும் போடுறன்."

அஷ்பாக் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அது கிடக்கட்டும்," என்றார் முனீப், குனிந்து அவன் முகத்தைப் பார்த்து. "மீன் வாங்க வந்த முதலாளி ஏன் அழுறார்?"