சினிமாப் பூங்காவின் வாசல்

இலங்கையின் களுவாஞ்சிக்குடியில் சினிமா கார்னிவல். துணியில் வரைந்த அரண்மனைக்குள் நுழைந்தால் பனிமலை வருகிறது. பனிமலையைத் தாண்டினால் மறுபடி அதே அரண்மனை. அம்புக்குறிகளை நம்பிச் சுற்றியதில் சினிமா செட்டுகளைப் பார்த்துப் பழகிய சென்னைக்காரனான எனக்கே தலை சுற்றுகிறது. வழி தேடி ஒரு படுதாவை விலக்குகிறேன். மணல்மூட்டைகள், முள்கம்பி, துப்பாக்கிக்காரன் முன்னால் கைகளைத் தூக்கியபடி ஒரு பெரியவர்.

“சூப்பரா நடிக்கிறீங்க ஐயா!” என்று சிரித்துக்கொண்டே கேமராவைத் தூக்குகிறேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிப்பாய் அவர் இடுப்பைத் தடவிச் சோதிக்கிறான். பின்னால் பெண்கள் அடையாள அட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். இது செட் இல்லை, நிஜமான ராணுவச் சோதனைச் சாவடி.

கேமராவைப் பைக்குள் திணிக்கிறேன். முகம் எரிகிறது. “வெளியே போற வழி எது ஐயா?”

பெரியவர் கைகளை இறக்காமலே சொல்கிறார்: “இதுதான் தம்பி. எனக்குப் பின்னால நில்லுங்க. இவங்களுக்கு முன்னால மட்டும் சிரிச்சிடாதீங்க.”